ஆடியில் கெட்டிமேளம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "மேடம், ஆடி வருது. கூழ் ஊத்தறது, தீமிதி, தி.நகர் தள்ளுபடி எல்லாம் போன வருஷமே போட்டாச்சு. இந்த வாட்டி அரசாங்கப் புள்ளிவிவரம் ஏதாவது வெச்சு வித்தியாசமா பண்ணச் சொல்றாங்க. உங்ககிட்ட ஐடியா இருக்கா?" என்று கேட்டார். ஐடியா இருக்கிறது. அந்த ஐடியாவால் வாங்கிய அடியும் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறைத்தால் பாவம் என்பதால் இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு புள்ளிவிவரமும் இருக்காது, தேடாதீர்கள். நினைவிலிருந்து எண்ணை எடுத்து எழுதக் கூடாது என்பது எங்கள் சீஃப் எனக்குப் போட்ட முதல் சட்டம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அவருக்குப் பயப்படுகிறேன். எண் வேண்டுமென்றால் அட்டவணையைத் திறந்து பார்த்து எழுதுங்கள். என்னைப் போன்ற பெரிசுகளின் ஞாபகத்தை நம்பி எழுதினால் நடுத்தெருவில் நிற்பீர்கள்.

சீஃப் என்றால் எங்கள் தலைமைச் செய்தியாளர். பெயர் போடப் போவதில்லை. போட்டால் "செய்தியில நான் யாரும்மா?" என்று கேட்கிற ஆள். நந்தனத்தில் எங்கள் அலுவலகம். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் என் எல்லை என்பதால் கோயில், குளம், பண்டிகை, விரதம் எல்லாம் என் தலையில் விழும். ஒரு மார்கழியில் நான் எழுதிக் கொடுத்த செய்தியை அவர் வாங்கி, மேசை இழுப்பறையிலிருந்து முந்தின வருஷத்துத் தாளை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தேதியைத் தவிர ஏதாவது மாறியிருக்கா, நீயே சொல்லு."

மாறவில்லை. கோலம், பனி, மப்ளர், எல்லாம் அதே இடத்தில் இருந்தன. "வாசகர் யாரும் கண்டுபிடிக்கலையே சார்" என்றேன்.

"அதாம்மா என் பயம்" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் அரசாங்க அட்டவணைகளைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தேன். போகிக்குக் காற்று மாசு அளவு. பொங்கலுக்குக் கரும்புக் கொள்முதல். ரம்ஜானுக்குப் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்காக ஒதுக்கும் அரிசி. அந்த அரிசி எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு பள்ளிவாசலுக்குப் போய், அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த பாயிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "சரிதாம்மா. அரிசி கவர்மெண்டு குடுக்குது, வாசனை நாங்க குடுக்கறோம். ரெண்டையும் சேத்து எழுதுங்க" என்றார். எண்ணை வைத்துச் செய்தி எழுதுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. துரதிர்ஷ்டம் என்னவென்றால், அடுத்த ஆடி வருவதற்குள் அதை மறந்துவிட்டேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மண்டபங்களைப் பூட்டி வெள்ளையடிப்பார்கள். ஆனியில் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆடியில் கூடினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பன் தெருவிலே என்பார்கள். இதையெல்லாம் உண்மையிலேயே எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள், எண்ணிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கல்யாணக் கணக்குக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். மாத அட்டவணை கேட்டால் ஜூலை, ஆகஸ்ட் என்றுதான் வரும். ஆடியோ ஜூலைப் பாதியில் பிறந்து ஆகஸ்ட் பாதியில் முடிகிறது. ஆகவே நாள்வாரியாகக் கேட்டேன். இந்தப் புத்திசாலித்தனத்தில் எனக்கே என்மேல் மயக்கம். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முந்தின வருஷத்து ஆடி ஒன்றிலிருந்து கடைசி நாள் வரை கூட்டினேன். வந்த எண்ணைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஆடியில் ஊர் முழுக்கத் தாலி கட்டிக்கொண்டிருந்தது!

'ஆடியிலும் கெட்டிமேளம்: பழைய நம்பிக்கையை உடைக்கிறது அரசுக் கணக்கு' என்று தலைப்பு. ஆனி கடைசியில் முதல் பக்கத்தில் வந்தது. சீஃப் கூட "பரவாயில்லையே" என்றார். அது அவருடைய அகராதியில் பாரத ரத்னா.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் பெயர் பாபு. சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர், லீவில் ஊருக்கு வந்திருந்தார்.

"மேடம், கெட்டிமேளம் எழுதுனது நீங்கதான? உங்களாலதான் மேடம் எனக்குக் கல்யாணம்."

விஷயம் இதுதான். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் சுகந்தி என்ற பெண்ணை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஆடி முடிவதற்குள் பாபு கப்பலுக்குத் திரும்ப வேண்டும். போனால் அடுத்த வைகாசிக்குத்தான் வருவார். பெண்ணின் அப்பா அதுவரை காத்திருக்கத் தயாரில்லை. இப்போது முடிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பாபுவின் அத்தை, அதாவது காலமான அப்பாவின் அக்கா, ஆடியில் கல்யாணம் என்றால் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றார். அவர் வராவிட்டால் அவர் மகளும் வரமாட்டாள். பாபுவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அத்தை மகள்தான் நாத்தனார் முடிச்சு போட வேண்டும். இந்த நிலைமையில்தான் என் செய்தி வந்திருக்கிறது. சுகந்தி அதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து வருங்கால மாமியாருக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அரசாங்கக் கணக்கே சொல்கிறது என்றதும் அத்தை இறங்கி வந்திருக்கிறார். ஆடிப்பெருக்கு அன்று முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் கடையில் லீவு தர மாட்டார்கள் அல்லவா, அந்தச் செய்தியைக் காட்டித்தான் சூப்பர்வைசரிடம் சுகந்தி இரண்டு நாள் லீவும் வாங்கியிருந்தாள்.

"கண்டிப்பா வரணும் மேடம். எங்கம்மா குளத்தாண்டதான் பூ விக்குது. கன்னியம்மான்னு கேளுங்க" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள், எனக்கு அந்தப் பட்டியலைத் தேடிக் கொடுத்த பதிவு அலுவலக ஊழியரைப் பார்த்து நன்றி சொல்லலாம் என்று கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அவர் பெயர் சாந்தகுமாரி. ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். உள்ளே நுழைய இடமில்லை. புதுத் தாலி பளபளக்கப் பெண்களும், அவர்களோடு அப்பாக்களும், கையில் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவுமாக வரிசையில் நின்றார்கள்.

"பாத்தீங்களா, ஆடியில எவ்ளோ கல்யாணம்!" என்றேன், செய்தித்தாளை அவர் முன்னால் விரித்தபடி.

சாந்தகுமாரி தலைப்பைப் படித்தார். மைசூர்பாகை ஒரு கடி கடித்தார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

"மேடம், இதெல்லாம் கல்யாணம் நடந்த தேதி இல்ல. எங்ககிட்ட வந்து கையெழுத்துப் போட்ட தேதி. கட்டிக்கிட்டு தொண்ணூறு நாளுக்குள்ள பதிஞ்சா போதும். வைகாசி, ஆனியில கட்டினவங்க எல்லாம் ஆடியிலதான் வருவாங்க. பொண்ணு அப்பதான அம்மா வீட்ல இருக்கும்? அப்பா லீவு போட்டுட்டுக் கூட்டிட்டு வந்துடுவாரு. எங்களுக்கு ஆடின்னாலே கூட்டம்தான்."

நான் பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதல் கட்டத்தில் 'பதிவு நாள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பதிவு மட்டும் என் மண்டையில் பதியவே இல்லை. ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற வழக்கத்தால் ஏறிய எண்ணை வைத்து, ஆடி வழக்கமே உடைந்துவிட்டதாக எழுதியிருந்தேன். ஜூலை ஆகஸ்டைப் பிரிக்கத் தெரிந்த புத்திசாலிக்கு, தாலி கட்டின நாளையும் கையெழுத்துப் போட்ட நாளையும் பிரிக்கத் தெரியவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனை கூட இல்லை.

அலுவலகத்துக்கு ஆட்டோவில் பயந்துகொண்டே திரும்பினேன். தவறு நடந்ததற்காக இல்லை. தவறு எல்லோருக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும். அந்தத் தவறின் மேல் ஒரு கல்யாணம் உட்கார்ந்திருந்தது. திருத்தம் போட்டால் அதைத் தூக்கிக்கொண்டு அத்தை வருவார். முடிச்சுப் போட ஆள் இருக்காது. கல்யாணமே நின்றாலும் நிற்கும்.

சீஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, மறைத்தால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கடைசியில் மெதுவாக, "திருத்தத்தை ஆடிப்பெருக்கு முடிஞ்சு போடலாமே சார்? பத்து நாள் முன்னப் பின்ன ஆனா யாருக்கு நஷ்டம்?" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்போ அது திருத்தம் இல்லம்மா, மொய்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் விடவில்லை. "தப்புன்னு தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து, நீ போடாத ஒவ்வொரு நாளும் அது பொய். இதுவரைக்கும் தப்பு. நாளைக்கு ஆறு மணிக்குள்ள குடு."

"பேப்பர்ல பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட நேர்ல சொல்லிடறேன் சார்."

"அதை நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

மறுநாள் காலையில் மயிலாப்பூர் குளத்தங்கரைக்குப் போனேன். தினமும் பஸ்ஸுக்காக நான் கடந்து போகிற பூக்கடை வரிசைதான். கன்னியம்மா ஒல்லியாக, நெற்றி நிறையக் குங்குமத்துக்குப் பதில் திருநீற்றோடு, வேப்பிலையும் செவ்வரளியும் சேர்த்து அம்மனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வாரியக் குடியிருப்பில் போட்டுவிட்டதால், விடிவதற்கு முன்பே இரண்டு பஸ் மாறி வருகிறவர். நான் யார் என்று சொன்னதும் மலர்ந்துவிட்டார். "பேப்பர்கார அம்மாவா! குந்து மா, குந்து" என்று ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. உட்காராமலே சொல்லி முடித்தேன். நான் எழுதியது தப்பு, ஆடியில் அத்தனை கல்யாணம் நடக்கவில்லை, நாளை திருத்தம் வரும்.

கன்னியம்மாவின் கை நிற்கவே இல்லை. "அதான? எனக்கு அன்னிக்கே தெர்யும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"இன்னாமா கேள்வி இது? முப்பது வருசமா இங்க குந்திக்கினு மால கட்றேன். ஆடில அம்மனுக்குக் கட்டியிருக்கேன், பாடைக்குக் கூட கட்டியிருக்கேன். ஒரு கல்யாண மால கட்னதில்ல. ஊரு பூரா கல்யாணம் நடந்தா மாலய எவன் கட்னான்? தெனம் இப்டிக்காத்தான போற? ஒரு வார்த்த கேட்ருந்தா சொல்லிருப்பேன்ல?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அரசாங்கத்துக்கு மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். பதில் என் பஸ் நிறுத்தத்துக்கு இருபது அடி தள்ளி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"புள்ள மூஞ்சியப் பாத்தேன். அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். எனக்கு ஆடியாவது ஆவணியாவது. நாலு பேரு கேட்டா காட்றதுக்கு ஒரு காயிதம் வோணும்ல? உன்து கெடச்சிது." நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "இப்ப அதயும் புடுங்கிக்கினு போற. எங்க அண்ணி, அதான் பாபு அத்த, அவங்க வாய எத்த வெச்சு மூடறது, நீயே சொல்லு."

"பொய்யா ஒரு காகிதம் என்னால தர முடியாதும்மா."

"பொய்யி வோணாம். நெசமா ஒண்ணு குடேன். அவ்ளோ கணக்குப் பாக்கறியே, எங்களுக்கு ஆவறாப்ல ஒரு கணக்கு கூடவா இல்ல?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அலுவலகம் போனேன். ஆடிக்குப் பயப்படுகிறவர்கள் உண்மையில் ஆடிக்குப் பயப்படவில்லை, சித்திரைக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று பஸ்ஸில் தோன்றியது. அப்படியென்றால் பார்க்க வேண்டியது கல்யாணப் பட்டியலை இல்லை, பிறப்புப் பட்டியலை. சென்னைக்கான மாதவாரிப் பிறப்பு அட்டவணை எங்கள் நூலகத்திலேயே இருந்தது. இந்த முறை எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே தலைப்புக் கட்டத்தைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். சந்தேகம் தீராமல் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டு, "இது குழந்தை பிறந்த மாசமா, பதிஞ்ச மாசமா?" என்று கேட்டேன். "பிறந்த மாசம்தாங்க. இதை யாரும் கேட்டதே இல்லையே" என்றார் எதிர்முனையில் இருந்தவர். யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை ஐயா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் வரிசையும் காலியாக இல்லை, மே வரிசையும் காலியாக இல்லை. மற்ற மாதங்களைப் போல அவற்றிலும் குழந்தைகள் பிறந்திருந்தார்கள். உற்சாகம் தாங்காமல், 'சித்திரைப் பிள்ளை பயம் தேவையில்லை என்கிறது அரசுக் கணக்கு' என்று எழுதி சீஃபிடம் நீட்டினேன். பட்டும் புத்தி வராத கழுதை நான்.

"அரசுக் கணக்கு எங்கம்மா அப்படிச் சொல்லுது?" என்றார். "குழந்தை பிறந்துதுன்னுதான் சொல்லுது. அப்பன் நல்லாயிருக்கானான்னு சொல்லுதா? புதுசா கல்யாணமானவங்க பிள்ளையா, நாலாவது பிள்ளையான்னு சொல்லுதா?"

வெட்டினார். வெட்ட வெட்ட நாலே வரி மிஞ்சியது. மேலே திருத்தம்: ஆடியில் பதிவான திருமணங்களை ஆடியில் நடந்த திருமணங்கள் என்று தவறாக எழுதிவிட்டோம், வருந்துகிறோம். கீழே சின்னதாக அந்த நாலு வரி: சித்திரை விழும் ஏப்ரல், மே மாதங்களிலும் சென்னையில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்ற எண், அதை எடுத்த அட்டவணையின் பெயர், அது பிறந்த மாதக் கணக்கு, பதிவு மாதக் கணக்கு அல்ல என்ற குறிப்பு. அவ்வளவுதான். இந்த வற்றல் எலும்பை வைத்துக்கொண்டு யார் வாயை மூடுவது என்று எனக்குச் சோர்வாகிவிட்டது.

மறுநாள் காலை குளத்தங்கரைக்குப் போகும்போதே சத்தம் கேட்டது. அத்தை வந்துவிட்டிருந்தார். கனத்த உடம்பு, கையில் எங்கள் பேப்பர்.

"பாத்தியாடி? தப்புன்னு அவங்களே போட்டுக்கீறாங்க! ஆடில எவனும் பண்ல. நீ ஒருத்திதான் பண்ற!" என்றவர் பக்கத்தில் வந்து நின்ற என்னைப் பார்த்து, "நீ யாருமா?" என்றார்.

"அதத் தப்பா எழுதுனவங்க இவங்கதான் அண்ணி" என்றார் கன்னியம்மா. "கீழ இன்னாவோ கீதே, அதயும் படிம்மா."

நான் அந்த நாலு வரியையும் படித்தேன். படிக்கும்போதே அது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அத்தை உதட்டைப் பிதுக்கினார். கன்னியம்மா கையிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். நான் அவரைப் பார்த்த இரண்டு நாளில் அந்தக் கை அப்போதுதான் முதல் தடவையாக நின்றது.

"அண்ணி, நம்ம ரேவதி எந்த மாசம் பொறந்தா?"

ரேவதி அத்தையின் மகள். முடிச்சுப் போட வேண்டியவள். அத்தை பேப்பரை மடிக்க ஆரம்பித்தார்.

"சித்திர திருவிழா கொடியேத்தத்தன்னிக்கு உன்ன ஆசுபத்திரில சேத்தோம். நான்தான கஞ்சி எடுத்துக்கினு வந்தேன்?"

"அதுக்கு?"

"ரேவதியப் பெத்த அண்ணன் தெருவுலயா நின்னாரு?"

அத்தை முறைத்தார். கன்னியம்மாவே பதிலும் சொன்னார்: "நின்னாரு! முப்பது வருசம் தெருவுலதான் இருந்தாரு. பஸ்ஸு ஓட்டிக்கினு. மாசமானா சம்பளத்தோட, இப்ப பென்சனோட!"

பூக்கடை வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தை அடக்கத்தான் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது, கடைசியில் கூடைமேல் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்புள்ளைக்கு அந்தத் தெரு கூட இல்ல அண்ணி. அவன் கடல்ல இல்ல நிக்கப்போறான்" என்றார் கன்னியம்மா, மறுபடி பூவை எடுத்தபடி.

"போடி இவளே. ரேவதிக்குப் புடவ எடுத்தியா, இல்லியா?" என்றார் அத்தை.

அந்த நாலு வரி யார் வாயையும் மூடவில்லை. ஆனால் ஒரு வீட்டில் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்க வைத்தது. எண்ணால் அதிகபட்சம் ஆகக்கூடிய காரியம் அதுதான் என்று இன்றுவரை நினைக்கிறேன். நான் எழுதிய தலைப்பு மட்டும் இருந்திருந்தால் அத்தை அதோடு சண்டை பிடித்திருப்பார். சீஃப் அதை வெட்டியதால்தான் கன்னியம்மாவுக்கு யோசிக்க இடம் கிடைத்தது.

ஆடிப்பெருக்கன்று ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன அம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு அலறியதில் கெட்டிமேளம் யாருக்கும் கேட்கவில்லை. ரேவதி முடிச்சுப் போட்டாள். சுகந்தி மறுநாளே கடைக்குப் போக வேண்டும் என்பதால் மருதாணி கையை எல்லோரிடமும் காட்டிக் காட்டி மகிழ்ந்தாள். மாலை இரண்டும் கன்னியம்மா கட்டியவை. "ஆடில நான் கட்ன மொத கல்யாண மால மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதுவரை ஒரு பேச்சுக்கும் கலங்காத அந்த அம்மாள் அப்போது அழுதார். நானும் அழுதேன். சாம்பார் காரம் என்று சமாளித்தேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பாபு சேர வேண்டிய கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. கிளம்பும் தேதி தள்ளித் தள்ளி ஆவணி பிறந்தும் அவர் ஊரிலேயே இருந்தார். "இது தெர்ஞ்சிருந்தா ஆவணிலயே வெச்சிருப்பேனே! உன்னயும் பேஜார் பண்ணி, அண்ணியயும் பேஜார் பண்ணி..." என்று கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டார். கப்பல் கம்பெனிக்கு மனைவி பெயரைக் கொடுக்கக் கல்யாணச் சான்றிதழ் வேண்டியிருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டார்கள்.

அதே அலுவலகம், அதே சாந்தகுமாரி. கூட்டம் குறைந்திருந்தது. நான் கையெழுத்துப் போடும்போது அவர் கணினியில் விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். திருமணம் நடந்த நாள் என்ற கட்டத்தில் ஆடிப்பெருக்கு. பதிவு நாள் என்ற கட்டத்தில் அன்றைய தேதி, ஆவணி.

எனக்குத் தெரிந்து அந்த வருஷம் ஆடியில் நடந்த ஒரே கல்யாணம், என் தவற்றால் முளைத்த கல்யாணம், ஆவணிப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. சாந்தகுமாரியும் அதைக் கவனித்துவிட்டார். சான்றிதழை நீட்டியபடி சொன்னார்:

"மேடம், அடுத்த வாட்டி எங்ககிட்ட கணக்கு வாங்கி ஆவணி நியூஸ் எழுதினீங்கன்னா, மறக்காம ஒண்ணைக் கழிச்சுடுங்க."

இன்றைக்கும் எந்த அரசாங்க அட்டவணையைப் பார்த்தாலும், முதலில் கன்னியம்மா மாதிரி அந்த வேலையில் கை இருக்கிற ஒருவரைக் கேட்டுவிட்டு, ஒன்றைக் கழித்துக்கொண்டுதான் படிக்கிறேன்.